சத்தமில்லாமல் அழுத பிள்ளை

என் மூத்த பிள்ளை மூன்று மாதம்கூட முழுதாக உயிரோடு இல்லை. ஆனால் அவன் கொழுகொழுவென்று இருந்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் இறந்த பிள்ளை என்றால் எல்லோருக்கும் எலும்பும் தோலுமான ஓர் உருவம்தான் மனதில் வருகிறது. என் மகன் அப்படி இல்லை. கன்னம் உப்பி, கை கால் மடிப்பு மடிப்பாக இருப்பான். பார்க்க வருகிறவர்கள், "இந்தப் பஞ்சத்துலயும் புள்ளைய எப்படி வளர்த்திருக்கா பாரு" என்பார்கள். அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அப்போது நாங்கள் மலாயாவில், ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மூடிக்கிடந்த துணிக்கடைக்கு மேலே மாடியில் குடியிருந்தோம். என் கணவர் துறைமுகத்துக் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி. நான் யுத்தத்துக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவள். எங்களோடு கணவரின் அக்காவும் இருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர். தனக்கென்று பிள்ளை இல்லை. நான் உண்டான செய்தியைக் கேட்ட அன்று அடுப்படியில் போய் நின்றுகொண்டு அழுதார்.

ரேஷனில் கிடைத்த அரிசி கொஞ்சம். கெட்டுப்போகாமல் இருக்கச் சுண்ணாம்பு தூவிய பழைய வெள்ளை அரிசி. அண்ணி அதைக் கல் நீக்கி, நொய் நீக்கி, தண்ணீர் தெளிவாக வரும்வரை ஆறேழு முறை களைவார். வடித்த சோறு முழுவதும் எனக்குத்தான். கணவரும் அண்ணியும் மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் சாப்பிட்டார்கள். பின்வாசலில் தகர டின்களில் வளர்த்த கீரையை அதோடு வேகவைத்துக்கொள்வார்கள். எப்போதாவது கேழ்வரகோ பாசிப்பயறோ கிடைத்தால் அதுவும் அவர்களுக்கே. பிள்ளை பெற்றவளுக்குக் கீரை குளிர்ச்சி, பயறு வாயு, கிழங்கு ஆகவே ஆகாது. சோறு, மிளகு ரசம், சுட்ட கருவாட்டுத் துண்டு ஒன்று. அதுதான் என் பத்தியம்.

"நீங்களும் ரெண்டு வாய் சோறு சாப்பிடுங்க அண்ணி," என்பேன்.

"பால் குடுக்கறவ நீதானே? எங்களுக்கு உபி போதும்லா," என்று கிழங்கைக் காட்டிச் சிரிப்பார். மலாயாவில் பிறந்து வளர்ந்தவர். கிழங்கு அவர் வாயில் எப்போதும் உபிதான்.

மகனுக்கு இரண்டு மாதம் தாண்டியதும் குடித்த பாலைக் கக்க ஆரம்பித்தான். பிறகு குரல் கம்மியது. ஒருநாள் காலையில் தொட்டிலைப் பார்த்தால் வாயை அகலத் திறந்து, முகம் சிவந்து, முழு மூச்சோடு அழுகிறான். சத்தம் வரவில்லை. அந்த மாதிரி ஓர் அழுகையை நான் அதுவரை பார்த்ததில்லை. மத்தியானத்துக்குள் மூச்சு திணறி உதடு நீலம் பாய்ந்துவிட்டது. கணவர் பெச்சா வண்டி பிடித்துவர ஓடினார். அவர் வருவதற்குள் என் மடியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

நெஞ்சுச் சளி என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் இன்னொருவர், கொழுத்த பிள்ளையை ஊரே பார்த்ததாம். நான் எதையும் நம்பவில்லை, எதையும் மறுக்கவும் இல்லை.

அடுத்த வருஷம் மறுபடி உண்டானேன். பெண் பிறந்தாள். அண்ணி இந்த முறை இன்னும் கவனமாக இருந்தார். அரிசியைக் களைவதோடு நிற்காமல் முதல் நாளே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வடித்தார். ரேஷன் இன்னும் குறைந்திருந்தது. எங்கெங்கோ அலைந்து கூடுதலாக ஒரு சின்னப் பை வெள்ளை அரிசி கொண்டுவந்தார். அதற்காகக் காதில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார் என்பது வெறும் காதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

எனக்குக் கால் மரத்துப்போகும். மாடிப்படி ஏறும்போது கெண்டைக்கால் வலிக்கும். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். மகள் அண்ணனைப் போலவே கன்னம் உப்பி வளர்ந்தாள்.

இரண்டரை மாதத்தில் அவளுக்குக் குரல் கம்மியது.

இரண்டு நாள் கழித்து, காலையில் அவள் வாயைத் திறந்து சத்தமில்லாமல் அழுதாள். கணவர் வேலைக்குப் போயிருந்தார். அண்ணி திருநீறு மந்திரிக்கிற ஒருவரைக் கூட்டிவரக் கிளம்பினார். நான் காத்திருக்கவில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினேன். பெச்சா எதுவும் கண்ணில் படவில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைத் தாண்டி, யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் நடத்திய சின்ன மருந்தகம்வரை நடந்தே போனேன். வழியில் இரண்டு தடவை முழங்கால் மடங்கி விழப்பார்த்தேன்.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். உள்ளறையிலிருந்து வெளியே வரும்போது அவர் நடை என்னவோபோல் இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைத் தொப்பென்று தரையில் வைத்தார். பாதம் தானாக நிமிரவில்லை என்பது தெரிந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"எத்தனை நாளா இப்பிடி?"

"முந்தாநாள்லேர்ந்து குரல் இல்ல டாக்டர். இன்னைக்கு பால் குடிக்கல. மூத்த பையனுக்கும் இப்படித்தான் வந்துச்சு. போயிட்டான்."

அவர் தலை நிமிர்ந்தார். "நீங்கள் என்ன சாப்பிடுறீங்கள்?"

"சோறு. மிளகு ரசம். கருவாடு."

"கிழங்கு, கீரை, பயறு?"

"பத்தியம் டாக்டர். வீட்டுல இருக்கற அரிசியெல்லாம் எனக்குத்தான் குடுக்கறாங்க."

பிள்ளையை வாங்கிப் பக்கத்தில் நின்ற கம்பவுண்டரிடம் கொடுத்தார். கம்பவுண்டர் நரைத்த தலைக்காரர். "நீங்கள் நிலத்தில குந்துங்கோ," என்றார் டாக்டர் என்னிடம். எதற்கென்று புரியாமல் குந்தினேன்.

"இப்ப கை ஊண்டாமல் எழும்புங்கோ."

என்னால் முடியவில்லை. தொடையில் பலமே இல்லை. இன்னொரு தடவை முயன்று, பின்னால் சாய்ந்து விழுந்தேன். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது.

"பெரி பெரி," என்றார். "உங்களுக்கு இருக்கு. உங்கட பாலால பிள்ளைக்கும் வந்திருக்கு. பிள்ளையின்ரை இதயம் களைச்சுப்போச்சு."

பெரி பெரி எனக்குத் தெரியாத பெயர் இல்லை. கால் வீங்கி, ஐந்தடி என்று சொல்லும் கடை முன்நடைகளில் உட்கார்ந்திருப்பவர்களை நாள்தோறும் பார்த்தோம். அது பட்டினி கிடப்பவர்களுக்கு வருவது என்றே நினைத்திருந்தேன். "நான் நல்லாத்தானே சாப்பிடறேன் டாக்டர்? பாலும் நிறைய இருக்கே."

"பால் இருக்கு. அதில இருக்கவேண்டிய ஒரு சத்து இல்லை. அது அரிசியின்ரை தவிட்டில இருக்கிறது. தீட்டித் தீட்டி, கழுவிக் கழுவி, வெறும் மாவைச் சாப்பிடுறீங்கள்."

பேசிக்கொண்டே அலமாரியைத் திறந்து அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தார். உள்ளே பஞ்சில் இரண்டு கண்ணாடிக் குப்பிகள் இருந்தன. கம்பவுண்டர் குரலைத் தாழ்த்தி, "டாக்டர், அது ரெண்டும் உங்களுக்குன்னு வச்சது," என்றார்.

"ஊசியைக் கொதிக்க வையும்," என்றார் டாக்டர்.

பிள்ளையின் தொடையில் ஊசி போட்டார். பிறகு என்னை மர பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். நான் என் மகளின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுபட்டு இழுபட்டு வந்தது. தெருவில் யாரோ அப்பளம் விற்றுக்கொண்டு போனார்கள். முக்கால் மணி நேரம் இருக்கலாம். உதட்டின் நீலம் முதலில் ஓரங்களில் மறைந்தது. பிறகு இழுப்பு குறைந்தது. என் புடவை வெதுவெதுப்பாக நனைந்தது. காலையிலிருந்து அவள் சிறுநீர் கழித்திருக்கவில்லை. அதைச் சொன்னதும் கம்பவுண்டர், "நல்லதும்மா, ரொம்ப நல்லது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் என் மார்பைத் தேடி முகத்தைத் திருப்பினாள்.

அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம் மட்டும்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் டாக்டர் மறுபடி வந்து குழாயை வைத்துப் பார்த்துத் தலையாட்டியதும் நான் கேட்ட கேள்வி வேறு.

"மூத்தவனுக்கும் இதுதானா டாக்டர்? இந்த ஊசி போட்டிருந்தா..."

அவர் குழாயைக் கழற்றி மெதுவாக மடித்தார். பொய் சொல்லலாமா என்று யோசிக்கிறார் என்று தோன்றியது.

"ஓம்," என்றார். "அப்பிடித்தான் இருக்கும்."

பிறகு, "இந்தத் தீவில அது தெரிஞ்ச டாக்குத்தர்மாரே கொஞ்சப் பேர். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். நான் அழுதேன். கையில் ஒன்று பிழைத்துக்கொண்டிருக்க, மண்ணில் இருப்பதற்காக அழுதேன். அவர் தடுக்கவில்லை, கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கிளம்பும்போது கம்பவுண்டர் ஒரு புட்டியில் பழுப்பு நிறக் கஷாயம் கொடுத்தார். தவிட்டைக் காய்ச்சி வடிகட்டியது. பிள்ளைக்குச் சொட்டு சொட்டாக விட வேண்டும். நான் வெள்ளைச் சோற்றை விட்டுவிட்டு, வீட்டில் மற்றவர்கள் சாப்பிடும் பயறு, கீரையோடு தினமும் தவிடு சாப்பிட வேண்டும். "தவிடு எங்கேயாவது கிடைக்கும். மனுசர்தான் சாப்பிடுறதில்லை," என்றார் டாக்டர்.

வீட்டில் அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். பிள்ளை தூங்குவதைப் பார்த்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். முழுவதையும் சொல்லவில்லை. எனக்குச் சத்து போதவில்லை, அரிசியைக் களையக்கூடாது, தவிடு சாப்பிட வேண்டும் என்றேன்.

அண்ணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் களைஞ்ச அரிசியாலயா?"

"அதில்ல அண்ணி. உடம்பு வாகு."

"அப்ப மூத்தவன்?"

"அவனுக்கு வந்தது நெஞ்சுச் சளி. டாக்டரே சொன்னாரு. இது வேற."

இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அண்ணி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, "தவிடு எங்க கெடைக்கும்?" என்றார்.

பின்சந்தில் ஒரு சீனத்தி வாத்து வளர்த்தாள். அவளிடம் மூட்டையில் தவிடு இருந்தது. நாங்கள் கேட்டதும் எங்களுக்கும் வாத்து இருப்பதாக நினைத்துக்கொண்டாள். சாப்பிடத்தான் என்று அண்ணி சைகை காட்டியதும் திகைத்துப்போய், "இத்து ஈத்தே பூஞ்ஞா மாக்கான்லா!" என்றாள், அது வாத்தின் சாப்பாடு ஆச்சே என்று. அண்ணி தனக்குத் தெரிந்த மலாயில் பிள்ளையின் கதையைச் சொன்னார். சீனத்தி உள்ளே போய் ஒரு டின் நிறையத் தவிடும் இரண்டு வாத்து முட்டையும் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு வாரா வாரம் அவளே பின்வாசலில் டின்னை வைத்துவிட்டுப் போவாள்.

தவிட்டுக் கஞ்சி தொண்டையில் மண் மாதிரி உரசும்; புழு வாடை அடிக்கும். முதல் நாள் வாந்தி எடுத்தேன். மறுநாள் அண்ணி தன் கிண்ணத்திலும் அதையே ஊற்றிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். "உங்களுக்கு எதுக்கு?" என்றேன். "சாப்பிடு, பேசாத," என்றார். அவருக்கு எந்த நோயும் இல்லை. கடைசிவரை, நான் ஒரு கிண்ணம் குடித்தால் அவரும் ஒரு கிண்ணம் குடித்தார்.

மூன்றாம் நாள் காலையில் என் மகள் பசித்து அழுதாள். கரகரத்த, உடைந்த சத்தம்தான். கணவர் கீழே சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தவர், அப்படியே போட்டுவிட்டுப் படியேறி வந்தார். மூன்று பேரும் தொட்டிலைச் சுற்றி நின்று, தூக்காமல், சற்று நேரம் அவளை அழவிட்டுக் கேட்டோம்.

யுத்தம் முடிந்தது. நான் மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டாக்டரை ஒருமுறை மருந்தகத்தில் போய்ப் பார்த்தேன். மகள் அங்கே ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் பாதம் ஓரளவு சரியாகியிருந்தது. இடது கால் மட்டும் இன்னும் இழுத்தது. அந்த மருந்தை அவருக்கே போட்டுக்கொண்டிருந்தால் கால் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். "எனக்குக் காலில மட்டும்தானே. நானும் வாத்துச் சாப்பாட்டைச் சாப்பிட்டுத் தப்பிட்டன்," என்று சிரித்தார்.

அந்தச் சத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் வாய்ப்பு வந்தபோது விஞ்ஞானத்தை எடுத்தேன். பல வருஷங்கள் கழித்து, பெரிய வகுப்புகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கும்போதுதான் சுவாசம் பற்றிய ஒரு புதுப் பாடப்புத்தகத்தில் என் கேள்விக்குப் பதில் முழுதாகக் கிடைத்தது.

சாப்பாட்டிலிருந்து வருகிற சர்க்கரையை உடம்பின் செல்கள் நேரடியாகச் செலவழிப்பதில்லை. அதைப் படிப்படியாக உடைத்து, வெளிவரும் சக்தியைக் கொண்டு ஏ.டி.பி. என்ற சின்ன மூலக்கூறை உண்டாக்குகின்றன. அதில் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாகச் சேர்ந்திருக்கும். தசை சுருங்க வேண்டும், நரம்பு ஒரு செய்தியை அனுப்ப வேண்டும் என்றால், தண்ணீரின் சேர்க்கையால் கடைசி பாஸ்பேட் பிரிந்து போகிறது. அந்த மாற்றத்தில் கிடைக்கும் சக்தியில்தான் வேலை நடக்கிறது. மிஞ்சிய துண்டோடு மறுபடி ஒரு பாஸ்பேட்டைச் சேர்க்க, மறுபடி சாப்பாட்டின் சக்தி வேண்டும். உடம்பு இதைச் சேமித்து வைப்பது மிகக் குறைவு. இதயத்தில் இருப்பது சில நொடித் துடிப்புக்குத்தான் போதும். உண்டாக்கிக்கொண்டே, செலவழித்துக்கொண்டே இருந்தால்தான் உயிர்.

சர்க்கரையை உடைப்பதில் முதல் பாதி எளிது. அதில் கிடைக்கும் ஏ.டி.பி. சொற்பம். பாதி உடைந்ததை செல்லின் உள்ளறைகளுக்குள் கொண்டுபோய் ஆக்சிஜனின் உதவியோடு முழுக்க எரிக்கும்போதுதான் பெரும்பகுதி கிடைக்கிறது. அந்த இரண்டாம் பாதி தொடங்கும் இடத்தில் வேலை செய்கிற நொதிக்கு பி-ஒன் வைட்டமின் வேண்டும். அது இல்லையென்றால் எல்லாம் அங்கேயே நின்று தேங்கிவிடும். ஓயாமல் உழைக்கிற இதயமும் நரம்பும்தான் முதலில் தளரும். சோற்றை எரிக்கவே அந்தச் சத்து செலவாவதால், வெறும் வெள்ளைச் சோறு எவ்வளவு சாப்பிடுகிறோமோ அவ்வளவுக்கு அது சீக்கிரம் தீரும்.

ஆசிரியர் அறையில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் மகனுக்குப் பால் குறைவில்லை. அவன் ரத்தத்தில் சர்க்கரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதிலிருந்து சக்தியை எடுக்கத்தான் அவன் செல்களுக்கு வழியில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில், மறுநாள் பாடத்துக்காக மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தேன். அண்ணிக்கு அப்போது அறுபது வயதுக்கு மேல். எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அது என்ன, மூணு மூணா வட்டம் போடற?" என்றார்.

மழுப்பியிருக்கலாம். ஏனோ சொல்லத் தொடங்கிவிட்டேன். சர்க்கரை, ஏ.டி.பி., தவிட்டின் சத்து என்று ஒவ்வொன்றாக, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல. மகள் பிழைத்த இடம்வரை வந்து நிறுத்தினேன்.

அண்ணி கீரையைக் கீழே வைத்தார். "மூத்தவனுக்கும் அதானே?"

என்னால் இன்னொரு தடவை பொய் சொல்ல முடியவில்லை. "ஆமா அண்ணி."

"எனக்கு அன்னைக்கே தெரியும்மா. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது. நீ என்னைக் காப்பாத்தறன்னு நானும் கேக்காம இருந்துட்டேன்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருஷமா நீ என்மேல கோவமா இருக்கியோன்னு மட்டும் நெனச்சுக்குவேன்."

"ஒரு நாளும் இல்ல அண்ணி. உங்க வாயில போக வேண்டிய சோறு அது."

எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, மேசையில் இருந்த படத்தையே பார்த்தார். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை, மெதுவாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இதயம் வந்தபோது என்னை நிறுத்தினார்.

"அப்படி சக்தி இல்லாம போறப்ப, புள்ளைக்கு வலிக்குமா?"

புத்தகத்தில் அது இல்லை. அதற்குப் பிறகு நான் படித்த எதிலும் இல்லை.

"தெரியல அண்ணி," என்றேன்.